வேர்த்தும் குளிராத ஊர்

சித்திரை 19

போலீஸ் தேர்வுக்காகக் கோரையாற்றங்கரைச் சாலையில் விடியற்காலத்தில் ஓடிப் பழகும் இளைஞர்களைச் சற்று நின்று கவனித்தேன். வெயில் ஏறுமுன்னரே அவர்களுடைய பனியன்கள் பிழியலாம் போல் நனைந்திருந்தன; ஆயினும் ஒருவருக்கேனும் உஷ்ணம் தணிந்ததாகத் தோன்றவில்லை. ஓடுகிறவன் செலவிடும் சக்தியில் ஏறக்குறையக் கால் பங்கே ஓட்டமாகிறது. எஞ்சியதெல்லாம் தேகத்தைக் காய்ச்சும் உஷ்ணம். அதைப் போக்குவது வியர்வை சுரப்பதன்று, சுரந்த வியர்வை ஆவியாவதே: ஒரு லிட்டர் முற்றும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரியைக் கொண்டுபோகும்; தரையில் சொட்டிப்போனாலோ நஷ்டமே மிச்சம். லகூனையும் அலையாத்திக் காட்டையும் தழுவி வரும் நம்மூர்க் காற்று முன்னமே ஈரம் நிரம்பியது. மேலும் ஈரத்தை ஏற்க அதற்கு மனமில்லை.

சித்திரை 21

அக்கினி நட்சத்திரம் தொடங்கிற்று. 2019 செப்டம்பரில் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், வெயிலுக்கு அஞ்சிப் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கியும், புறப்பட்ட 68 பேரில் 28 பேர் இடையிலேயே நின்றுவிட்டனர். சூரியன் மறைந்திருந்தானேயொழிய ஈரப்பதம் மறையவில்லை. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டீனா காஸ்டர், ஐஸ் உறை வைத்த மேலங்கி அணிந்து காத்திருந்து, பின் மாரத்தான் ஓடி வெண்கலம் வென்றார். குளிர்ந்து புறப்படுகிறவருக்குத் தளர்ச்சி தரும் உஷ்ணநிலை தாமதித்தே வருகிறது. ஓடுமுன் நொறுக்கிய ஐஸை அருந்துவதன் சூட்சுமமும் இதுவே. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மாத்திரம் 80 கலோரி உஷ்ணத்தை இழுத்துக்கொள்கிறது.

சித்திரை 24

"சார், ஐஸ் தண்ணியக் கால்ல ஊத்திக்கிட்டு ஓடுனா டைம் குறையுமா?" என்று அந்த இளைஞர்களில் ஒருவன் கேட்டான்.

"குறையாது தம்பி, கூடத்தான் செய்யும்" என்றேன். தேர்வில் ஓடவேண்டியது 1,500 மீட்டர், 7 நிமிஷம். அதற்குள் தேகம் அபாயமாகக் கொதித்துவிடுவது அபூர்வம், ஆனால் குளிர்ந்து விறைத்த தசையோ முதலடியிலேயே வேகத்தை இழக்கும். ஆகவே தேர்வன்று நிழலில் இருந்து, முகத்தையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டு, கால்களைச் சூடாகவே வைத்திருப்பது உத்தமம். குளிர்ச்சியின் அவசியமெல்லாம் நாள்தோறும் நீளும் பயிற்சியில்தான். அதிலும் முதல் இரண்டு வாரம் வேகத்தைக் குறைத்தே தேகத்தை வெப்பத்துக்குப் பழக்கவேண்டும். ஓடுகிறவன் நாக்குக் குழறி, தள்ளாடி விழுந்தால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை கழுத்துக்குக் கீழ் முழுவதையும் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதே முதல் வைத்தியம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை வாய்க்காலில் நீர் இராது. ஆதலின் பயிற்சி நடக்கும் இடத்தில் ஒரு தொட்டி நிறைய நீர் வைக்கும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.