இடப்பக்கம் நான்கடி

திங்கள்

மகளுக்கு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. மைதானத்தில் எச் போட்டுக் காட்டி வாங்கியது. அங்கே சுற்றிலும் வெட்டவெளி. இடித்தால் கம்பு சாயும், அவ்வளவுதான். எங்கள் ஊரான ஓரிக்கையில் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால் கணக்கே வேறு. திண்ணை, திண்ணைக்குப் படி, படிக்கு முன்னால் கோலம், கோலத்தை ஒட்டி ஒரு எக்ஸ்.எல். சூப்பர். இரு பக்கமும் இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் தெரு.

சாயங்காலம் அவளை ஸ்டீயரிங்கில் உட்கார வைக்கவில்லை. டேப்பைக் கொடுத்து வண்டியை அளக்கச் சொன்னேன். எங்கள் வேகன் ஆரின் அகலம் 1,620 மில்லிமீட்டர் என்று கம்பெனிக் கையேடு சொல்கிறது. ஐந்தடி நான்கங்குலம். ஆனால் அது உடம்பின் அகலம் மட்டும். பக்கக் கண்ணாடிகள் அதில் சேர்த்தி இல்லை. இரண்டையும் விரித்துவிட்டு அளந்தால் ஆறடிக்குப் பக்கத்தில் வருகிறது. தெருவில் இடிபடுவது பெரும்பாலும் கையேட்டில் எழுதாத அந்தச் சில அங்குலங்கள்தான்.

செவ்வாய்

நம் ஊரில் ஓட்டுபவர் உட்காருவது வலப்பக்கம். வலது ஓரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் தெரியும். இடது ஓரமோ கண்ணிலிருந்து ஏறக்குறைய நான்கடி தள்ளி, பானெட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் பின்னால் மறைந்து கிடக்கிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் தங்கள் உடம்பைத் தெருவின் நடுவில் வைத்துக்கொண்டு போவார்கள். உடம்பு நடுவில் இருந்தால் வண்டி நடுவில் இல்லை, இடப்பக்கத்து வீட்டுப் படியில் இருக்கிறது.

ஊர் மணிமண்டபத்துக்குப் பக்கத்தில் காலி இடமாகப் பார்த்துச் சுண்ணாம்பால் நீளக் கோடு ஒன்று போட்டோம். முதலில் சீட்டைச் சரிசெய்து இனி மாற்றக்கூடாது என்றேன். சீட்டு ஓரங்குலம் நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் நகர்ந்துவிடும். கோடு இடப்பக்கம் இருக்கும்படி மெதுவாக ஓட்டி, அது பானெட்டின் நடுவில் போய் மறைகிற மாதிரி தெரிந்ததும் நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய்ப் பார்த்தாள். டயருக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு சாண்.

"அப்பா, உள்ளேயிருந்து பார்த்தா கோட்டு மேலேயே ஏறிட்ட மாதிரி இருந்துச்சே!"

இந்த ஒன்றைத்தான் அவள் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. திரும்பத் திரும்ப நிறுத்தி, இறங்கி, பார்த்து, மறுபடி ஏறினாள். கடைசியில் முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டாள். நான் உட்கார்ந்தால் அந்தப் பொட்டு பொய் சொல்கிறது. என் உயரம் வேறு. ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி இது மாறும். யாரும் சொல்லிக் கொடுத்து வராது, இறங்கிப் பார்த்துத்தான் வரும்.

புதன்

இடது திருப்பம். பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு போகும். எவ்வளவு வெட்டும் என்று மகளே கணக்குப் போட்டாள்: இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2,435 மில்லிமீட்டர், வண்டி திரும்பும் வட்டத்தின் ஆரம் 4.7 மீட்டர். முழுக்க ஒடித்தால் பின்சக்கரம் இரண்டடிக்கு மேல் உள்ளே வந்துவிடுகிறது. முன்பக்கம் பத்திரமாகத் தாண்டிய மூலைக்கல்லில் பின்கதவு உரசுவது இதனால்தான். மூலையை ஒட்டிப் போகிறாய் என்றால் உன் தோள் அந்த மூலைக்கு நேராக வரும்வரை ஒடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ரிவர்ஸில் இது தலைகீழ்: பின்பக்கம் வலது போனால் முன் இடது மூலை வெளியே வீசும். பின்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

வியாழன்

ஓரிக்கை பஸ் பணிமனைப் பக்கம் மகளை அழைத்துப் போனேன். பஸ்ஸுக்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச அகலம் 2.6 மீட்டர், எங்கள் காரைவிட ஒரு மீட்டர் அதிகம். அதை வைத்துக்கொண்டு இந்த ஓட்டுநர்கள் நெரிசலுக்குள் இரண்டு விரற்கடை இடைவெளியில் நுழைந்து வருகிறார்கள். கண்டக்டர் பின்னாலிருந்து "வா வா வா... லெஃப்ட்ல கேப் இருக்கு... ஹோல்டான்!" என்று குரல் கொடுக்கிறார். ஓட்டுநர் அந்தக் குரலை நம்பி ஒடிக்கிறார்.

பக்கத்து வீட்டில் கோர்வைப் புடவை நெய்கிறார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓடுகிறது. ஒரு கரை தறிக்காரர் கைக்கு வரும், மறு கரைக்குத் துணையாள் உட்கார வேண்டும். அந்தத் துணையாள் இல்லாமல் தறிக்காரர் அவசரப்பட்டுத் தள்ளுவதை நான் பார்த்ததில்லை. காரிலும் இடப்பக்கக் கரைக்கு ஆள் வேண்டும். சந்தேகம் வந்தால் கூட இருப்பவரை இறக்கிப் பார்க்கச் சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. இருபது வருஷம் ஓட்டியவர்கூடக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சனி

பார்க்கிங். முன்னால் நுழைவதைவிடப் பின்னால் நுழைவது எளிது, ஏனென்றால் திரும்புகிற சக்கரங்கள் அப்போது வெளியே இருக்கின்றன. இடது கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் பின்சக்கரமும் தரையும் சேர்ந்து தெரியும். அது குவிந்த கண்ணாடி. பொருள் நிஜத்தைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டும். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். அது அலறுவது பின்னால் இருப்பதற்கு மட்டும்தான். பக்கத்துக்கு அலறாது. அதை நம்பிப் பக்கவாட்டைப் பார்க்காமல் விடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

மகளுக்கு இன்னும் சொன்னது: சுவரை ஒட்டி நிறுத்துவதற்கு முன்பே பாட்டியை இறக்கிவிடு. நிறுத்தியபின் சுவர்ப்பக்கக் கதவு திறக்காது. உன் கதவை இடது கையால் திற. இடது கை குறுக்கே வந்தால் தோள் தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். பிரிட்டனிலும் நம்மைப் போல வலப்பக்கம்தான் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். அவர்களுடைய சாலை விதிநூலில் 2022 ஜனவரியில் இந்தப் பழக்கத்தைச் சேர்த்தார்கள். சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்பதையும் அப்போதுதான் எழுதி வைத்தார்கள். எங்கள் தெருவில் ஒன்றரை மீட்டருக்கு எங்கே போவது? இடைவெளி விட முடியாத இடத்தில் வேகத்தை விட வேண்டும். ஆள் நடக்கிற வேகம், அதற்கு மேல் கூடாது.

ஞாயிறு

விடியற்காலையில் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். மூன்று புடவைக்கான பாவு, ஏறக்குறைய அறுபதடி நீளம், இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி அறுந்த இழைகளைப் பார்த்துப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் தெருமுனையிலேயே இஞ்சினை நிறுத்திவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். பாவு பிடித்திருந்த பெரியவர், "போம்மா, இடம் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்று கையசைத்தார். "பரவால்ல தாத்தா, நீங்க முடிங்க" என்றாள். இடம் இருந்தது உண்மைதான். கண்ணாடியை மடக்கினால் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணாடி ஓரம் பட்டு அறுவது ஒரு வீட்டின் பல நாள் கூலி.

இதே மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார் செய்கிறார்கள். வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே போகின்றன. எங்கள் தெருக்கள் அகலமாகப் போவதில்லை. ஆகவும் வேண்டாம், திண்ணையை இடித்துத்தான் அகலமாக்க முடியும்.

புடவை எடுக்க நெசவாளர் வீடு தேடி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை நேரத்தில் காரைத் தெருவுக்குள் கொண்டுவராதீர்கள். மெயின் ரோட்டில் இடம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.