அப்பாவின் பேரேடு

என் தந்தையார் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் டிரஸ்ஸராகப் பணியாற்றினார். காடு முடிந்து ரப்பர் தொடங்கும் எல்லையில் எங்கள் லயங்கள் இருந்தன. காய்ச்சல் கண்டவரின் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். பிறகு தடித்த அட்டையிட்ட பேரேட்டில் பெயர், வயது, லய எண், கிருமியின் வகை ஆகியவற்றைத் தம் மணியான கையெழுத்தில் எழுதி வைப்பார்.

அப்பேரேட்டின் 1962ஆம் ஆண்டுப் பக்கமொன்றில் என் அண்ணனின் பெயரும் ஏறியது. புதுக்காடு வெட்டச் சென்று திரும்பியவர், வயது பத்தொன்பது. மூன்று நாட்களுக்கொருமுறை குளிரெடுக்கும் 'மலேரியே' வகைக் கிருமி என்று தந்தையார் குறித்தார். "இது உயிரைக் குடிக்கும் வகையன்று" என்று அம்மாவைத் தேற்றினார். ஐந்தாம் நாள் அண்ணன் மறைந்தார். "நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ?" என்ற ஒரே கேள்வியைத் தம் இறுதி நாள்வரை சுமந்திருந்தார் என் தந்தை.

அக்கேள்விக்கு மறுமொழி போன்றதொன்று, அறுபது ஆண்டுகள் கழித்து என் வீட்டுக் கூடத்திலேயே கிடைத்தது. உயிர்த் தகவலியல் பயிலும் என் பேத்தி, ஒருநாள் மாலை தன் கணினியை என் பக்கம் திருப்பி, "தாத்தா, இதுவும் ஒரு பேரேடுதான்" என்றாள். திரையில் நான்கே எழுத்துகள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. உயிர்கள் யாவற்றின் மரபுச் செய்தியும் அந்நான்கு எழுத்துகளால் ஆனதே. உலக ஆய்வாளர்கள் தாம் படித்தறிந்த வரிசைகளை ஓரிடத்தில் சேர்க்கிறார்கள். 1980இல் ஐரோப்பாவில் ஹைடல்பர்க் நகரிலும், 1982இல் அமெரிக்காவில் 'ஜென்பேங்க்' என்ற பெயரிலும் இத்தகைய களஞ்சியங்கள் எழுந்தன. பின்னர் ஜப்பானும் இணைந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பதிவெண் உண்டு. எந்த உயிர், யார் அளித்தது என்ற குறிப்பும் உண்டு. புதிய வரிசையொன்று கையில் கிடைத்தால், 1990இல் உருவான 'பிளாஸ்ட்' என்னும் நிரல் அதனைக் களஞ்சியத்திலுள்ளவற்றோடு ஒப்பிட்டு, நெருங்கிய உறவினரைச் சுட்டிக்காட்டும்.

"இதனால் ஆவதென்ன?" என்று கேட்டேன். அவள் சொன்ன கதை என்னை உலுக்கியது.

2004இல் சரவாக்கின் கப்பிட் பகுதியில் நடந்த ஆய்வொன்றைப் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். நுண்ணோக்கியில் 'மலேரியே' என்று தோன்றிய கிருமிகளின் மரபு வரிசைகளை அவர்கள் ஒப்பிட்டபோது, அவை 'நோலேசி' என்னும் குரங்கு மலேரியாவின் வரிசைகளோடு ஒத்திருந்தன. 208 நோயாளிகளில் 120 பேருக்கு அக்கிருமியே இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மலேரியே 72 மணி நேரத்துக்கொருமுறை பெருகுவது. நோலேசியோ 24 மணி நேரத்துக்கொருமுறை பெருகி, ஆளையே வீழ்த்திவிடும். காட்டு விளிம்பில் வாழும் நீண்டவால் குரங்குகளிடமிருந்து கொசுவின் வழியே மனிதனை அடைகிறது. 1965இல் பகாங் காட்டுக்குச் சென்று திரும்பிய அமெரிக்கர் ஒருவரிடம் அது முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. 1971இல் நம் ஜொகூரிலும் ஒருவருக்குத் தொற்றியிருக்கலாம் என்று ஆய்விதழ் ஒன்று குறித்தது. 2018இல் மனித மலேரியா இந்நாட்டில் உள்ளூரில் ஒருவரிடமும் தோன்றவில்லை. குரங்கு மலேரியாவோ நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது.

அண்ணனைக் கொண்டுபோனது நோலேசிதான் என்று கூற எனக்கு உரிமையில்லை. அவருடைய இரத்தம் தேய்த்த சில்லை அடுத்தவருக்காகக் கழுவியாயிற்று. தோட்டம் கைமாறியபோது பேரேடுகளை அலுவலகத்தின் பின்புறம் குவித்துத் தீயிட்டதை நானே பார்த்தேன். ஒப்பிட ஒன்றுமில்லை. களஞ்சியத்தின் வலிமையும் எல்லையும் இதுவேயன்றோ? உள்ளே சேர்ந்ததை மட்டுமே அது அடையாளம் காட்டும். குரங்கின் கிருமியை முன்பே எவரோ படித்து வைத்திராவிட்டால், கப்பிட் நோயாளிகளின் உண்மையும் வெளிப்பட்டிராது. தவறான பெயரில் ஒரு வரிசை ஏறிவிட்டால், அத்தவறும் பலரால் படியெடுக்கப்படும் என்று பேத்தி எச்சரித்தாள்.

ஆயினும் ஒன்றை உறுதியாகக் கூறலாம். அன்று அச்சில்லை உலகின் எந்தப் பேரறிஞர் பார்த்திருந்தாலும் தந்தையார் எழுதியதையே எழுதியிருக்கக்கூடும். அவர் கண்ணுக்கு எட்டியதை அவர் நேர்மையாகப் படித்தார். இதனை அவரிடம் சொல்ல இயலாமற் போயிற்றே என்பதே என் குறை.

அன்றிரவு பேத்தி ஒரு வெற்றுக் குறிப்பேட்டை என்னிடம் தந்தாள். "தாத்தா, நினைவிலிருக்கும் பெயர்களையாவது எழுதுங்கள்" என்றாள். நாற்பத்திரண்டு பெயர்கள் வரை எழுதியிருக்கிறேன். லய எண்கள் சில மறந்துவிட்டன. அண்ணனின் பெயருக்கு எதிரே, கிருமியின் வகை என்னும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.