ஆறு தூண்டில் முள்

தீபாவளிக்கு மறுநாள் பிராட்வேயில் எங்கள் பாத்திரக்கடை திறக்காது. அப்பாவுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. மற்ற நாளெல்லாம் விடிந்ததும் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி எர்ணாகுளம் வருவார்; ராத்திரி கடைசிப் படகில் திரும்புவார். எனக்குப் பதினோரு வயதானபோது அந்த ஓய்வு நாளை எனக்குக் கொடுத்தார். ஆசானோடு கொடுவா மீன் பிடிக்கப் போகிறோம் என்றார். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்லை.

ஆசானை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் வைப்பினில் சீனவலை இழுத்தவர். பிறகு வலையை விட்டுவிட்டு, ஒற்றை வஞ்சிப் படகும் கைத்தூண்டிலுமாகத் தனியே போகிறவர். இறால் விற்க மார்க்கெட் கால்வாய்க்கு வரும்போதெல்லாம் பிராட்வேயில் முள்ளும் தங்கூசி நரம்பும் வாங்குவார். வாங்கிக்கொண்டு எங்கள் கடைப் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளின் முனையையும் நகத்தில் வைத்து உரசிப் பார்ப்பார். வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருடைய ஆள்காட்டி விரலில், நரம்பு ஓடி ஓடி, அரிசி மணி படுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது.

முதல் நாள் ராத்திரி எவர்சில்வர் தூக்குகளுக்கும் பித்தளை உருளிகளுக்கும் நடுவில் பாய் விரித்துக் கடையிலேயே படுத்தோம். நாலு மணிக்கெல்லாம் கதவு தட்டப்பட்டது. "அண்ணாச்சீ, வெள்ளம் இறங்ஙித் துடங்ஙி" என்றார் ஆசான். அன்று அமாவாசை. அவர் கணக்கில் கறுத்தவாவு. கொச்சியில் ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்காது. வாவு நாளில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆனால் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் காயல் முழுவதிலிருந்தும் ஒரே அழிமுகத்தை, அந்தக் கடல் வாயைத் தேடி ஓடும்போது, வலை கட்டும் ஊன்னிக் கம்புகள் நடுங்குவதை இருட்டிலும் கேட்கலாம்.

கால்வாயிலிருந்து சண்முகம் ரோட்டுக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டு காயலுக்கு வந்தோம். அந்த ரோட்டுக்கு அப்பா எப்போதும் ஒரு கும்பிடு போடுவார். கொச்சி சமஸ்தானத்தில் திவானாக இருந்து, 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியான கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயர் அது. பிழைக்க வந்த ஊரில் நம்மவர் பெயரில் ஒரு ரோடு இருப்பது அப்பாவுக்குப் பெரிய தெம்பு.

1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய போல்காட்டி மாளிகைக்கு அப்பால், பழைய ஊன்னிக் கம்புகளின் வரிசை ஒன்றைப் பார்த்து ஆசான் வஞ்சியைக் கட்டினார். தூண்டிலைத் தொடவே இல்லை. முதலில் மேல்தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்தார். பிறகு நங்கூரக் கயிற்றை இழுத்து, அடியைத் தொட்டு வந்த நுனியைப் பல்லில் கடித்தார். என்னையும் செய்யச் சொன்னார். மேல்தண்ணீர் சப்பென்று இருந்தது. கயிறு உப்புக் கரித்தது. துலாமழையில் பெரியாறு கொண்டுவந்த தண்ணீர் மேலே போய்க்கொண்டிருக்க, கடல் தண்ணீர் அதற்கு அடியில் படுத்திருந்தது. ஒரே இடத்தில் இரண்டு தண்ணீர்! ரெண்டும் உரசிக்கொள்ளும் உயரத்தில், கம்பின் நிழலை ஒட்டிக் கொடுவா நிற்கும் என்றார். இறக்கத்தோடு அடித்துவரும் மீன்குஞ்சும் இறாலும் அதன் வாய்க்கு நேரே வரும்.

உயிருள்ள நாரன் இறாலை வால் கட்டில் குத்தி விட்டார். நரம்பை என் விரலில் சுற்றவிடவில்லை. விரலின் மேல் வெறுமனே படுக்க வைத்தார். கிழக்கு வெளுத்தது. ஆப்பிரிக்கப் பாயல் என்ற மிதக்கும் களை பச்சைப் பச்சையாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நரம்பில் இறால் உதறுவது ஊசி குத்துவதுபோல் தெரிந்தது. பிறகு அந்த உதறல் நின்றுவிட்டது. நான் ஆசானைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

விரலிலிருந்து நரம்பு பறந்தது. "விடு மோனே, ஓடட்டே!" என்று அவர் கத்துவது காதில் விழுந்தும் நான் பிடித்தேன். இருபது அடி தள்ளித் தண்ணீர் உடைந்து ஒரு மீன் முழுதாக மேலே எழுந்தது. வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்கி வெயிலில் காட்டியதுபோல இருந்தது. வாயை அகலத் திறந்து தலையை உதறியது. அவ்வளவுதான். நரம்பு லேசாகிவிட்டது.

இழுத்துப் பார்த்தபோது அறுந்த நுனி சீவினாற்போல் இருந்தது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி. நரம்பை இறுக்கிப் பிடித்தால் அதில் உரசிப் போய்விடும். எனக்கு அழுகை வந்தது. ஆசான் என் விரலைக் காயல் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டார். "அது பெண்ணு. வலுதெல்லாம் பெண்ணா. அழிமுகத்தில் போய் முட்டயிடட்டே" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. கொடுவா பெரும்பாலும் ஆணாகப் பருவத்துக்கு வந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும். ஆற்றிலும் காயலிலும் வளர்ந்து, முட்டையிடக் கடல் வாய்க்கு இறங்கும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஸ்டீல்ஹெட் என்ற மீன் இதற்கு நேர்மாறு: ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே ஏறி வரும். மூணாறு ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட்டும் அதே இனம்தான். அந்த ஓடைத் தண்ணீர் முதிரப்புழையாகிப் பெரியாற்றில் சேர்கிறது. நான் அன்று உள்ளங்கையில் அள்ளியதில் அதுவும் ஒரு சொட்டு இருந்திருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு குளிர்கிறது.

இறக்கம் நின்று தண்ணீர் அசையாத அரைமணி நேரத்தில் ஆசான் பேசவே இல்லை. ஏற்றம் திரும்பியதும் என் விரலில் மறுபடி உதறல் நின்றது. இந்தத் தடவை விட்டேன். விரல் சூடாகும்வரை ஓடவிட்டேன். அது துள்ளும்போதெல்லாம் அவர் என் மணிக்கட்டைத் தாழ்த்தினார். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கொடுவா வஞ்சிக்குள் வந்து விழுந்தது. சின்னது, ஆண். அதன் கண் குங்குமப்பூ ஊறிய பால்போல மினுங்கியது.

கரைக்கு வந்ததும் அப்பா பணத்தை நீட்டினார். ஆசான் வாங்கவில்லை. பாதி மீனாவது எடுத்துக்கொள்ளுங்கள் ஆசானே என்றார், அதற்கும் தலையாட்டவில்லை. மடியிலிருந்து நாலு சுளை குடம்புளியை எடுத்து, "அம்மாவோடு இது இட்டு வெக்கான் பற" என்று என் கையில் வைத்தார்.

அவர் இப்போது இல்லை. 2004-ல் தீவுகளுக்குக் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. வல்லார்பாடத்தில் 2011-லிருந்து கண்டெய்னர் முனையம். தெற்கே தண்ணீர்முக்கம் அணையின் கதவுகள் கோடையில் மூடிக்கொள்ளும்போது, உப்பும் மீனும் ஏறிப்போகிற வழியும் மூடிக்கொள்கிறது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்தது. இன்று மார்க்கெட்டில் கூண்டில் வளர்ந்த கொடுவா கிடைக்கிறது. நல்ல காரியம், வாங்குகிறேன். வாங்கும்போது செவுள் மூடியின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருந்ததில்லை.

அந்தக் கொடுவா பிடித்த மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராகப் படகேறிப் பிராட்வேக்குப் போனேன். தீபாவளிக் காசில் ஆறு தூண்டில் முள் கேட்டேன். கடைக்காரர் காகிதத்தில் மடிக்கப்போனார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து நகத்தில் உரசிப் பார்த்தேன். ஒன்று வழுக்கியது. மாற்றிக் கேட்டேன்.