கடைசி வரிசை டிக்கெட்

சபா நாடகம் என்றால் நான் வாங்குவது கடைசி வரிசை டிக்கெட்தான். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. நகைச்சுவை நாடகம், அதிலும் கிரேசி மோகன் நாடகம், காதால் கேட்கவேண்டிய சமாச்சாரம். ஒரு சோபா, ஒரு டெலிபோன், உள்ளே போக ஒரு கதவு இருந்தால் கதை நடந்துவிடும். நாயகன் மாது ஒன்றைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொள்வான். அந்தத் தப்புக்கு இன்னொருவர் பதில் சொல்ல, அதிலிருந்து அடுத்த தப்பு முளைக்கும். முன்வரிசைக்காரர் கூடுதலாகக் கொடுக்கும் காசில் மாதுவின் சட்டைக் கட்டம் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

சினிமா தியேட்டரில் எல்லாம் தலைகீழ். அங்கே காசில்லாதவனுக்கு முன்வரிசை. சென்னை மல்டிபிளெக்ஸ்களில்கூடப் பத்து ரூபாய் டிக்கெட் திரைக்கு அடியில்தான் இருந்தது. படம் முடிந்தபின் கழுத்தை உருவிக்கொண்டே வெளியே வரவேண்டும்.

கடைசி வரிசைக்கு இன்னொரு லாபமும் உண்டு: அரங்கம் சிரிப்பதை முழுசாகப் பார்க்கலாம். வாணி மகாலில் ஒரு ஜோக் விழுந்ததும் முதலில் யாரோ ஒரு மாமி சிரிப்பார். புரியாத கணவர் அவரைப் பார்ப்பார், அவர் விளக்குவார், இவர் தாமதமாகச் சிரிப்பார். அதற்குள் மேடையில் இரண்டு வசனம் ஓடியிருக்கும். சிரிப்பு அடங்கும்வரை நடிகர்கள் கொஞ்சம் காத்திருப்பார்கள்தான். ஆனாலும் மோகன் எழுதியதில் கால்வாசியாவது சிரிப்புச் சத்தத்தில் முழுகிப்போகும். ஒரே நாடகத்துக்கு ஜனங்கள் திரும்பத் திரும்பப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர் மோகன். 1976-ல் எஸ்.வி.சேகருக்காக எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' தான் அவர் பெயருக்கு முன்னால் அந்த 'கிரேசி'யை ஒட்டவைத்தது. 1979-ல் சொந்தக் குழு. அதன் பிறகு நாயகன் மாது, நாயகி ஜானகி. நாடகம் மாறினாலும் பெயர் மாறாது. புதிதாக வருபவன்கூட ஐந்து நிமிடத்தில் குடும்ப நண்பன் ஆகிவிடுவான்.

சபாவில் பணம் கரையும் இடம் கேன்டீன். இடைவேளையில் நெய் ரோஸ்ட் வாசனை ஹாலுக்குள்ளேயே வந்து கூப்பிடும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை அங்கே விட்டவர்களை எனக்குத் தெரியும். இடைவேளையில் எழுந்திருக்கவே கூடாது. நாடகம் முடிந்ததும் கையேந்தி பவனில் சூடாக நாலு இட்லி. அதன் பிறகு பஸ் இருந்தால் பஸ். இல்லாவிட்டால் ஜெமினி வந்து, அண்ணா சாலையோடு எல்.ஐ.சி.யைத் தாண்டித் திருவல்லிக்கேணிவரை நடை. பகலில் ஹாரன் சத்தத்தில் மிரட்டும் அந்தச் சாலை, இரவு பத்தரைக்கு மேல் கேட்ட ஜோக்கையெல்லாம் மறுபடி சொல்லிப் பார்க்க வசதியான இடம். தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறவனை ரோந்துப் போலீஸ் ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கும், அவ்வளவுதான். திருவல்லிக்கேணிக்குள் நுழைந்தால் பால்கடை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சுண்டக் காய்ச்சிய பால் ஒரு தம்ளர்.

மாதக் கடைசியில் இந்தச் செலவும் கட்டுப்படியாகாது. தங்கியிருந்த மேன்ஷனில் நாங்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். அறைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒருவனை மட்டும் அனுப்புவோம். அவன் திரும்பி வந்து மொட்டை மாடியில் நாடகத்தை முழுசாகச் சொல்லவேண்டும். காதால் கேட்டதை வாயால் கொடுப்பதில் என்ன நஷ்டம்? சொல்லத் தெரிந்தவன் வந்தால் பக்கத்து மேன்ஷன் மாடியிலிருந்தும் சிரிப்பு கேட்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு வங்கிக்காரர் இருந்தார். ஜோக்கின் முடிவை முதலில் சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னாடி அவன் என்ன கேட்டான்னா..." என்று ஆரம்பிப்பார். அவரை இரண்டாம் தடவை அனுப்பவில்லை. ஆனால் பங்குப் பணம் மட்டும் மாதாமாதம் அவரிடமிருந்துதான் முதலில் வாங்குவோம்.