பின்வரிசைத் தாளம்

திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த பாடசாலையொன்றில் நாம் தமிழ் கற்பிக்கிறோம். சென்ற தவணையில் ஒருநாள், துடியனையும் பறையனையும் சிறந்த குடிகளாகப் புறநானூறு போற்றுவதை விளக்கிக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கிலிருந்து தாளம் எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கேட்டோம்.

"கை தானாப் போகுது, சேர்" என்றான்.

அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். பறை முழக்கியோரின் பெருமையைப் பேசுவதற்காகத் தாளம் தட்டியவனை வெளியேற்றினோம் என்பது இரவில்தான் எமக்கு உறைத்தது.

தாளத்தை அடக்குவது ஆள்வோரின் பழைய வழக்கம். 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, மறு ஆண்டே, அடிமைகள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தது. முரசைப் பறித்தவர்களால் கையில் ஊறிய தாளத்தைப் பறிக்க முடியவில்லை. பிற்காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஜாஸ் இசையைப் படைத்தனர். 1960இல் மாக்ஸ் ரோச் என்னும் ஜாஸ் முரசுக் கலைஞர் தம் மக்களின் விடுதலைக் கோரிக்கையையே இசைத்தட்டாக்கினார்.

அந்த ஜாஸ் உலகந்தான் நம்மவர் ஒருவரின் மண்பானைக்கும் முன்வரிசை அளித்தது. 1942இல் பிறந்த விக்கு விநாயக்ராம், தந்தை ஹரிஹர சர்மாவிடம் தாளம் பயின்றவர், எம். எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிகளில் கடம் வாசித்தவர். ஆயினும் கருநாடக இசையரங்கில் கடம் உபபக்கவாத்தியமே. மிருதங்கத்துக்கு அடுத்த படியே அதற்கு உரியது. 1970களின் நடுவில், ஜாஸ் கிதார்க் கலைஞர் ஜோன் மக்லாக்லினின் 'சக்தி' குழுவில் அவர் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த வயலின் கலைஞர் எல். சங்கரும், தபேலா மேதை சாகிர் உசேனும் உடனிருந்தனர். அங்கே முன்னுமில்லை, பின்னுமில்லை. பானையும் கிதாரும் சமமாக உரையாடின. 'பிளானெட் டிரம்' இசைத்தட்டுக்காக 1992இல் வழங்கப்பட்ட கிராமி விருதிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. 2014இல் பத்மபூஷண் வந்தது.

வாசித்த கைக்குப் புகழ் வந்தது, வனைந்த கைக்கு? மானாமதுரையில் மண் பிசைந்து, தட்டித் தட்டிக் கடத்துக்கு நாதம் ஏற்றுவோரை எத்தனை ரசிகர் அறிவர்? அவர்களுள் ஒருவரான மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது நல்ல செய்தி, காலந்தாழ்ந்த செய்தியுங்கூட.

தந்தையே ஆசானாக வாய்த்த கலைஞருக்கே சமமான இடம் கிட்டக் கடல் கடக்க நேர்ந்ததென்றால், எம் கடைசி வாங்கு மாணவனுக்கு யார் துணை?

மறுநாள் அவனை முன்னே அழைத்தோம். செய்யுளின் சீர்களை அவன் மேசையில் தட்ட, வகுப்பே சேர்ந்து பாடியது. அன்று யாப்பிலக்கணம் ஒருவருக்கும் கசக்கவில்லை. எம் பாடசாலையில் ஒரு மத்தளங்கூட இல்லை. அதைக் கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம், கிடைக்கும்வரை எழுதுவோம்.