கோடு யாருடையது?

டிசம்பர் பிறந்துவிட்டால் தொடக்கப் பள்ளிகளுக்கு அருகிலுள்ள ஜெராக்ஸ் கடைகளில் வியாபாரம் சூடுபிடிக்கும். தாடிக்கார சான்டா, பனி மூடிய வீடு, கலைமான் இழுக்கும் வண்டி என்று தாள் தாளாக வந்து விழும். கிரேயான் டப்பா திறந்ததும் வகுப்பு அரை மணி நேரம் அடங்கிவிடும். ஒரு பெரிய வகுப்பைத் தனி ஆளாக மேய்க்கும் ஆசிரியைக்கு அந்த அரை மணி நேரம் பெரிய வரம். ஆகஸ்டில் தேசியக் கொடி, தீபாவளிக்கு அகல் விளக்கு, ஜனவரியில் பொங்கல் பானை. ஆண்டு முழுவதும் இதே கதைதான்.

கோலார் தங்கவயலைப் போல இந்தத் தாள்களுக்குப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றிய பிறகு ஆங்கில அதிகாரிகள் வந்தார்கள், ஆங்கிலோ இந்தியர்கள் வந்தார்கள். வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். அவரவர் பண்டிகையும் கூடவே வந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம், பொங்கல் கரும்பு, ரம்ஜான் பிறை எல்லாம் இங்கே பக்கத்து வீட்டுச் சமாசாரம். நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சளும் சிவப்பும் வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் வேர் பிடித்த ஊர் என்பதால் புத்த பூர்ணிமாவும் உண்டு. ஆனால் அது வரும்போது பள்ளிக்குக் கோடை விடுமுறை. எனவே புத்தருக்குத் தாள் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், தாளில் இருப்பது இந்த ஊர் அல்ல. வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று செல்லமாக அழைத்த ஊர்தான். ஆனாலும் கூரை மேல் உறைபனி விழுந்து எந்தக் குழந்தையும் பார்த்ததில்லை. மலை என்றால் தாளில் இரண்டு பச்சை முக்கோணம், நடுவே சூரியன். இங்கே கண்ணுக்குத் தெரியும் மலைகளோ தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகள். சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண், தட்டையான உச்சியோடு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அதற்கு எந்த கிரேயானை எடுப்பது என்று தாள் சொல்லித் தருவதில்லை.

அதைவிடச் சங்கடமானது இன்னொரு குச்சி. வெளிர் ரோஜாவும் ஆரஞ்சும் கலந்த அந்த நிறத்தை நம் வகுப்பறைகளில் இன்றும் 'ஸ்கின் கலர்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் 1962-லேயே அந்தக் குச்சிக்கு 'பீச்' என்று பெயரை மாற்றிவிட்டது. 2020-ல் 24 தோல் நிறங்களில் தனிப் பெட்டியே வெளியிட்டது. சான்டாவுக்கு அந்த நிறம் சரிதான். ஆனால் பொங்கல் தாளில் பானைக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதே குச்சியைத் தேய்க்கும்போது, தன் வீட்டு நிறம் பெட்டியில் இல்லை என்று ஆறு வயதிலேயே ஒரு பாடம் நடந்துவிடுகிறது. யாரும் வேண்டுமென்று நடத்தும் பாடமல்ல. அதனால்தான் அது அப்படியே மனதில் தங்கிவிடுகிறது.

ஓவியக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியான நூலிலேயே வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கடுமையாகச் சாடினார். அச்சிட்ட பறவைக்கு நிறம் பூசிப் பழகிய குழந்தை தன் பறவையை மறந்துவிடும் என்பது அவர் கட்சி. அதற்காக எல்லாத் தாளையும் கிழித்துப் போட வேண்டியதில்லை. விரல் பிடி உறுதியாகும், பொறுமை வரும் என்று ஆசிரியைகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தேசியக் கொடி போன்றவற்றில் குழந்தையின் இஷ்டத்துக்கு இடமும் இல்லை. காவி மேலே, பச்சை கீழே, சக்கரத்துக்கு நீல நிறத்தில் 24 ஆரங்கள். அங்கே கோடு எல்லோருக்கும் பொது.

மற்ற பண்டிகைகளில் கோடு யாருடையது என்பதுதான் கேள்வி. நம்மிடம் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. மார்கழி மாதம் தமிழர் வீட்டு வாசலில் அம்மா புள்ளி வைத்துக் கோலம் இழுப்பார். பூவுக்கு என்ன நிறம், மயிலுக்கு என்ன நிறம் என்று மகள் முடிவு செய்து பொடி தூவுவாள். அடுத்த வருடம் புள்ளியும் அவளே வைப்பாள். வண்ணம் நிரப்புவது அங்கே முதல் படி மட்டுமே. கிறிஸ்துமஸும் பொங்கலுக்கு முந்தைய போகியும் இந்த ஒரே மாதத்துக்குள் வந்துவிடுவது ஆசிரியைக்கு இன்னும் வசதி.

செலவும் அதிகமில்லை. தாளில் பானையை மட்டும் அச்சிட்டு மீதி இடத்தை வெறுமையாக விடலாம். அடுப்பு, வாசல், சுற்றி நிற்கும் மனிதர்கள் எல்லாம் குழந்தையின் பொறுப்பு. பழுப்புக் குச்சியோடு ஆரஞ்சையும் கறுப்பையும் மாற்றி மாற்றித் தேய்த்தால் எத்தனை தோல் நிறம் கிடைக்கும் என்று ஒரு வகுப்பு முழுக்கச் சோதித்துப் பார்க்கலாம். சான்டாவை விரட்ட வேண்டாம். அவருடைய வண்டி லைன் வீடுகளுக்கு நடுவே, சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தின் கீழே வந்து நிற்கட்டும்.

இது ஓவிய வகுப்போடு முடிகிற விஷயமும் அல்ல. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு இந்த ஊரில் பலருக்கு பெங்களூர்தான் பிழைப்பு. போக ஏறக்குறைய 100 கிலோமீட்டர், வரவும் அதே தூரம். விடிவதற்குள் ரயிலைப் பிடித்து இருட்டிய பிறகு திரும்பும் அப்பாவுக்கு, பிள்ளை பகலில் என்ன செய்தது என்பதற்குச் சாட்சியாகக் கிடைப்பது இந்த ஒரு தாள்தான். எல்லா வீட்டிலும் ஒரே சான்டா இருந்தால் அதில் அவர் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தன் தெருவும் தன் முகமும் இருந்தால், சோற்றுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இது யார், இது என்ன என்று அவர் கேட்பார்.