சித்தம்பூண்டி வெள்ளைக்கல்

வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் படிவம் மேசைக்கு வந்துவிடும். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை கட்டுரை, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு. ஒருமுறை அதை வாங்கிப் பார்த்தவர், ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மூணு வருஷமா ஏறவே இல்லையே சார்?" என்றார். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, திருச்சி ஆய்வகம் ஒன்றில் நிலாவின் பாறையை ஆராய்கிறவன் நான். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று அன்று தெரியவில்லை.

எங்கள் தொழில் பெரும்பாலும் தூசியில் நடப்பது. கல்லை உடைத்து, பொடித்து, சலித்து, அதன்மேல் விளக்கொளி பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை நிறமாலைமானியில் அளப்போம். ஒவ்வொரு தாதுவும் ஒளியில் தனக்குரிய பங்கை விழுங்கிக்கொள்ளும்; அந்த அலைநீளத்தில் வரைகோடு பள்ளமாக இறங்கும். பைராக்சீன் என்றால் 1 மைக்ரானிலும் 2 மைக்ரானிலும் இரண்டு பள்ளம் விழும். துளி இரும்பு கலந்த பிளேஜியோகிளேஸ் என்றால் 1.25 மைக்ரான் பக்கம் ஆழமில்லாத ஒன்று. 2008-ல் கிளம்பிய சந்திரயான்-1 சுமந்து போன எம்-3 நிறமாலைக் கருவியின் தரவில் அதே பள்ளங்களைத் தேடுவோம். நிலாவுக்குப் போக வழியில்லாதவன், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்குப் போகிறான். அங்கே வெள்ளை வெளேரென்று கிடக்கும் அனார்த்தோசைட், நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஒன்றுவிட்ட தம்பிதான், கூடப் பிறந்தவன் இல்லை. முதன்முதலில் அளந்தபோது 1.4 மைக்ரானிலும் 2.3 மைக்ரானிலும் பள்ளம் கண்டு துள்ளினேன். ஏதோ புதுசு என்று ராத்திரி தூக்கமில்லை. காலையில் கல்லை லென்ஸில் பார்த்தால் கறுப்புக் கறுப்பாக ஹார்ன்பிளெண்ட். அது தனக்குள் நீரின் கூறு கொண்ட தாது, நிலாவின் மேட்டுநிலத்துப் பாறையில் எதிர்பார்க்கக் கூடாதது. ஐப்பசி மழையில் அளந்தால் இன்னொரு தொல்லை: தூள் காற்றிலிருந்து ஈரம் குடித்து 1.9 மைக்ரானில் பொய்ப் பள்ளம் காட்டும். அடுப்பில் உலர்த்தி எடுக்க வேண்டும். எந்தப் பள்ளம் கல்லுடையது, எது நம்மூர் மழையுடையது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பாதி வருஷம் போய்விடும். படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

சித்தம்பூண்டியைத் தொடுகிற எல்லோரும் ஒரு கட்டுரையிலிருந்துதான் தொடங்குவார்கள். ஏ.பி.சுப்ரமணியம் 1956-ல் எழுதியது. தலைப்பிலேயே "சேலம் மாவட்டம், மதராஸ் ராஜ்யம்" என்று இருக்கும். ஸ்புட்னிக் பறந்தது அதற்கு அடுத்த வருஷம். நிலாவில் என்ன பாறை என்று யாருக்கும் தெரியாத காலத்தில், கால்நடையாய் அலைந்து வரைந்த வரைபடம் அது. 1969-ல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் வெள்ளைச் சில்லுகள் கிடைத்தன. நிலாவின் பழைய மேலோடே அனார்த்தோசைட்தான் என்று அடுத்த ஆண்டு ஜான் வுட் குழு சொன்ன பிறகுதான் அந்த மாதிரிக் கல்லுக்கெல்லாம் வேறு மதிப்பு வந்தது. சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க நிலா மண் வேண்டும் என்றபோது இஸ்ரோ வந்ததும் சித்தம்பூண்டிக்குத்தான். சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் திருச்சி என்.ஐ.டி.யும் கைகொடுத்தன. அந்தச் செயற்கை மண்ணுக்கு 2020-ல் காப்புரிமை கிடைத்தது. 2023-ல் சந்திரயான்-3 இறங்கி, அதன் ஊர்தி பிரக்யான் அங்கே அளந்த மண்ணும் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகையாகவே இருந்தது. 1961-ல் யாராவது சுப்ரமணியத்திடம் ஐந்தாண்டுக் கணக்குக் கேட்டிருந்தால் இதில் எதைக் காட்டியிருப்பார்?

"சீக்கிரம் எழுது, ராமனைப் பார்" என்று புத்தி சொல்கிறவர்கள் உண்டு. சி.வி.ராமன் பக்கத்துத் திருவானைக்காவலில் பிறந்தவர் என்பதால் கொஞ்சம் உரிமையோடே சொல்வார்கள். உண்மைதான். ராமன் விளைவை 1928 பிப்ரவரி 28-ல் கண்டு, அதை அடுத்த மாதமே அச்சில் கொண்டுவந்து, படிகளை நாடு நாடாக அனுப்பிவைத்தார். ஒரு வாரம் முந்தியே மாஸ்கோவில் அதைப் பார்த்த லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் தாமதித்தார்கள், நோபல் வரவில்லை. ஆனால் கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. ராமன் நிறமாலைமானி செவ்வாயில் இறங்கியது 2021-ல், பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு. இடையில் 93 வருஷம்.

இந்த வருஷமும் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். எண் ஒன்று ஏறியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த மாணவனிடம் 1956 கட்டுரையின் நகலைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "சார், இதுல நிலாங்கற வார்த்தையே இல்லையே" என்றான்.

"இல்லைதான். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுப்பா. தொப்பி எடுத்துக்கோ, அங்க நிழலே கிடையாது."